தேவாலாவில் தங்கம் இருந்தது

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக மேற்கே போனால் தேவாலா வரும். அதைத் தாண்டினால் பந்தலூர். தமிழ்நாட்டில் மழை மிக அதிகமாகக் கொட்டும் ஊர்களில் தேவாலாவும் ஒன்று. சுற்றிலும் தேயிலை, அதற்கு அப்பால் காடு, காட்டுக்குள் யானைகள். 1880-ஐ ஒட்டிய இரண்டு மூன்று ஆண்டுகள் இந்த இரண்டு பெயர்களும் லண்டன் பங்குச் சந்தையில் தினமும் அடிபட்டன. 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் இங்கே தங்கம் எடுக்கப் போவதாகச் சொல்லி, 40 லட்சம் ஸ்டெர்லிங் பவுனுக்கு மேல் மூலதனம் காட்டிப் பங்குகளை விற்றன. சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாமே மண்ணாகிப் போயின. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவைத்தான் சொல்கிறார்கள்: தங்கம் இல்லாத மலையைத் தங்கமலை என்று நம்பி வெள்ளைக்காரர்கள் ஏமாந்தார்கள் என்று. இந்த முடிவு தவறு. தேவாலா மலையில் தங்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தப் பாறையால் கொடுக்க முடியாத ஒரு விலையை அதன் தலையில் கட்டியதால்தான் போட்ட முதல் அழிந்தது. அந்த விலை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் தங்கத்திடம் போய்ச் சேர மாட்டோம். காப்பியிடம்தான் போய்ச் சேருவோம்.

முதலில் பாறையைப் பார்த்துவிடலாம், வாதம் அதன் மேல்தான் நிற்கிறது. இந்த மலைகளின் அடித்தளம் நைஸ் என்னும் பழம்பாறை. அதை ஊடுருவி, ஊர்க்காரர்கள் வெங்கச்சங்கல் என்று சொல்லும் குவார்ட்ஸ் நரம்புகள் ஓடுகின்றன. சில இடங்களில் விரல் கனம். சில இடங்களில் ஆள் உயரத்துக்கு மேல் தடித்த வெள்ளைச் சுவராகவே நிற்கும். தடித்த நரம்பெல்லாம் தங்கம் தாங்கும் என்பதில்லை. பளிச்சென்று வெள்ளையாக இருக்கிற குவார்ட்ஸ் பெரும்பாலும் வெறுங்கல். தங்கம் இருக்கிற கல்லில் கூடவே வேறு சிலவும் இருக்கும்: இரும்பும் கந்தகமும் சேர்ந்த பித்தளை நிறப் பைரைட், காந்தத்துக்குச் சற்றே இழுபடும் பிர்ரோடைட், ஆர்சனிக் கலந்த வெள்ளி நிற ஆர்சனோபைரைட், அங்கங்கே தாமிரமும் ஈயமும் கொண்ட கந்தகக் கனிமங்கள். தங்கம் இவற்றோடு ஒட்டிப் பிறந்தது. ஆழத்தில், நிலத்தடி நீருக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக இந்தக் கந்தகக் கனிமங்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. மேலே வந்தால் கதை வேறு. ஆண்டுக்கு நான்காயிரம் மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிற மழை பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையின் தலைப்பகுதியை ஊறவைத்துப் பைரைட்டைத் தின்றுவிட்டது. கந்தகம் நீரோடு போயிற்று. இரும்பு துருவாகத் தங்கியது. பைரைட் இருந்த இடம் சின்னச் சின்னக் குழிகளாயிற்று. அதிலிருந்த தங்கத்துக்குப் போக வழியில்லை. பழுப்பேறிக் குழிவிழுந்த அந்தக் கல்லை உடைத்தால் துருவுக்கு நடுவே மஞ்சள் துகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். நரம்பிலேயே வளமான பகுதி இதுதான். சுரண்டி எடுக்க எளிதானதும் இதுதான். கீழே போகப் போக இப்படி இருக்காது என்பதை மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தத் தலைப்பகுதியை வெள்ளைக்காரர்கள் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே ஊர்க்காரர்கள் கண்டுகொண்டு எடுத்துவிட்டார்கள். தேவாலா, பந்தலூர்ப் பக்கம் நரம்பு தலைகாட்டிய இடங்களிலெல்லாம் பழைய வெட்டுக்குழிகள் இருந்தன. குவார்ட்ஸ் பாறையிலேயே நேர்குத்தாக இறக்கிய கிணறுகளும் மலைச்சரிவில் கிடையாகக் குடைந்த வழிகளும் இருந்தன. வெடிமருந்தோ எந்திரமோ இல்லாமல் அவ்வளவு கடினமான கல்லில் சுவர் பிசகாமல் செங்குத்தாக இறங்கியிருந்த வேலையைப் பார்த்து, பின்னால் வந்த எஞ்சினியர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். ஓடைக்கரை மண்ணை அரித்துத் தங்கம் எடுக்கும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நடந்துகொண்டிருந்தது. செய்தவர்கள் குறும்பரும் பணியரும். மரத்தட்டில் மண்ணை அள்ளி, நீரில் அமிழ்த்திச் சுழற்றிச் சுழற்றி விட்டால் களிமண்ணும் லேசான மணலும் வழிந்துபோகும். அடியில் மேக்னடைட்டும் இல்மனைட்டும் கலந்த கருமணல் நிற்கும். அந்தக் கருமணலின் ஓரத்தில், தட்டைச் சாய்க்கும்போது பின்தங்கி நிற்கிற மஞ்சள் கோடுதான் நாள் முழுக்கக் குனிந்து நின்றதற்குப் பலன். அந்தப் பலனும் பெரும்பாலும் அவர்களுடையதாக இருக்கவில்லை. பணியர்கள் நிலவுடைமைக்காரர்களுக்கு அடிமைப்பட்டிருந்தவர்கள்.

இந்தப் பழைய குழிகள் சொல்லும் உண்மைதான் 1880-இல் தலைகீழாகப் படிக்கப்பட்டது. இத்தனை பழைய குழிகள் இருக்கின்றன என்றால் எவ்வளவு தங்கம் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். கூலி என்று ஒன்று கொடுக்கத் தேவையில்லாத இடத்தில் எவ்வளவு ஏழைக் கல்லையும் இடிக்கலாம் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அடிமையின் உழைப்பில் நடந்த சுரங்கம் கல்லின் வளத்துக்குச் சாட்சியாகாது. வளமான தலைப்பகுதி ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்பதற்கே அது சாட்சி. பழைய ஆட்கள் எந்த ஆழத்தில் நிறுத்தினார்கள், நீர் வந்ததால் நிறுத்தினார்களா, தங்கம் குறைந்ததால் நிறுத்தினார்களா என்று கேட்டிருந்தாலே பாதிப் பணம் தப்பியிருக்கும்.

தங்கம் இருக்கிறது என்ற செய்தி 1880-இல் புதிதாக வந்ததும் இல்லை. 1831-இலேயே கிழக்கிந்தியக் கம்பெனி லெப்டினன்ட் நிக்கல்சன் என்ற அதிகாரியை நிலம்பூரிலும், அன்று தேவாலாவும் சேர்ந்திருந்த வயநாட்டிலும் உள்ள தங்கத்தை ஆராய அனுப்பியது. அதன் பிறகு அரசு அதில் பெரிதாகக் காசு போடவில்லை. 1860-களில் ஆஸ்திரேலியாவில் தங்கம் தோண்டிப் பழகிய ஸ்டெர்ன், விதர்ஸ் என்ற இருவர் இங்கே வந்து தேடினார்கள். 1874-இல் தேவாலாப் பக்கம் ஆல்ஃபா கம்பெனி தொடங்கியது. 1875-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் தென்கிழக்கு வயநாட்டுத் தங்கப் பாறைகளைப் பற்றி அறிக்கை எழுதினார். ஆக, நாற்பது ஐம்பது ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். அரசுப் புவியியலாளரே எழுதிய பிறகும் லண்டன் பணம் நான்கு ஆண்டுகள் அசையவில்லை. 1879 முடிவிலிருந்து திடீரென்று கொட்டத் தொடங்கியது. இந்த இடைவெளியில் பாறை மாறவில்லை. மாறியது பாறைக்கு மேலிருந்த தோட்டம்.

வயநாடு அப்போது காப்பி நாடு. 1830-களுக்குப் பிறகு படிப்படியாகக் காட்டை அழித்து ஆங்கிலேயர்கள் காப்பி வைத்தார்கள். கூடலூருக்குப் பக்கத்தில் ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு என்று இன்றும் அந்தக் காலத்துத் தோட்டக்காரரின் பெயரையே தாங்கி நிற்கிற நிலப்பரப்பு உண்டு. 1860-களின் நடுவில் தண்டுத் துளைப்பான் வண்டு செடிகளை உள்ளிருந்து தின்னத் தொடங்கியது. 1869-இல் இலங்கையில் அடையாளம் காணப்பட்ட இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் தென்னிந்தியாவுக்கும் வந்தது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடியாகப் படிந்து, பிறகு செடியையே மொட்டையாக்கிவிடும் அந்தப் பூஞ்சைதான் இலங்கையின் காப்பித் தொழிலை முடித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. வயநாட்டிலும் தோட்டம் தோட்டமாகக் கைவிடப்பட்டது. கடன் கொடுத்தவர் கழுத்தைப் பிடித்தார்; வாங்க ஆளில்லை. போதாக்குறைக்குப் பல தோட்டங்கள் நிலம்பூர் கோவிலகம் போன்ற ஜன்மிகளின், அதாவது பரம்பரை நிலவுடைமைக்காரர்களின், நிலத்தில் குத்தகையில் நின்றவை. மண் தோட்டக்காரருக்குச் சொந்தமே இல்லை. செத்த செடியும் தீராத கடனும் கையில் இருக்கிற ஒருவருக்குத் தன் தோட்டத்துச் சரிவில் ஒரு வெங்கச்சங்கல் நரம்பு தெரிந்தால் என்ன தோன்றும்? காப்பித் தோட்டமாக விற்க முடியாத நிலத்தைத் தங்கச் சுரங்கமாக விற்கலாம் என்றுதான் தோன்றும்.

அப்படித்தான் விற்றார்கள். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணச் சுரங்கத் துறைச் செயலராகப் பல ஆண்டுகள் இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித் 1879-இல் இந்திய அரசுக்காக வந்து, 1880-இல் வெளியான விரிவான அறிக்கையில் தங்கம் தாங்கும் நரம்புகள் ஏராளம் என்று உறுதிசெய்தார். அந்தப் பெயரின் கனமும் பங்கு விற்பவர்களுக்கு உதவியது. தோன்றிய கம்பெனிகளின் பெயர்களைப் பாருங்கள்: தேவாலா மோயார், இண்டியன் கிளென்ராக், தென்கிழக்கு வயநாடு எஸ்டேட்ஸ் அண்ட் கோல்ட் மைனிங். கடைசிப் பெயரில் எஸ்டேட் முன்னாலும் தங்கம் பின்னாலும் நிற்கிறது. மூலதனத்தில் பெரும்பங்கு, ஒரு கல்லை உடைப்பதற்கு முன்பே, தோட்டம் விற்றவர்களுக்கும் இடையில் கைமாற்றிவிட்டவர்களுக்கும் போயிற்று. மிச்சத்தில் எந்திரம் வாங்கினார்கள். எவ்வளவு கல் இருக்கிறது, அது எப்படிப்பட்ட கல் என்று தெரிவதற்கு முன்பே கனத்த இரும்பு எந்திரங்கள் கப்பலேறி வந்து, மாட்டுவண்டியில் மலையேறின. பந்தலூர் ஓட்டலும் கடைகளுமாகச் சில காலம் ஜொலித்தது. காட்டுக் காய்ச்சல் வந்தவர்களை வாரிக்கொண்டும் போயிற்று.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த மலையின் மேல் ஏற்றிய பாரம் தெரியும். அப்போது ஒரு அவுன்ஸ் சுத்தத் தங்கம் சுமார் 85 ஷில்லிங். அவுன்ஸில் இருபதில் ஒரு பங்கு ஒரு பென்னிவெயிட். ஒரு டன் கல்லில் 4 பென்னிவெயிட், அதாவது சுமார் 6 கிராம் தங்கம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 17 ஷில்லிங். தோட்டத்துக்கும் எந்திரத்துக்குமாக ஒரு கம்பெனி ஒரு லட்சம் பவுன் செலவழித்திருந்தால், அந்த முதலை மட்டும் திரும்ப எடுக்க 1,17,000 டன்னுக்கு மேல் கல்லை இடிக்க வேண்டும். இருபது இரும்பு உலக்கை கொண்ட ஆலை, உலக்கைக்கு நாளொன்றுக்கு 2 டன் வீதம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 12,000 டன் இடிக்கும். அப்படியும் பத்து ஆண்டு ஆகும். அதுவும் தோண்டுகிறவருக்கும் இடிக்கிறவருக்கும் ஒரு பைசா கூலி கொடுக்காமல், விறகுக்கும் பாதரசத்துக்கும் செலவே இல்லாமல், கல்லிலுள்ள தங்கம் துளி சிந்தாமல் கையில் வந்தால். இதே கல்லைச் சிறு முதலோடு, நரம்பைத் தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருந்தால் ஒரு சின்னக் கூட்டுத்தொழில் பிழைத்திருக்கலாம். லட்சம் பவுனுக்கு வட்டி கட்டுகிற பாறை அது இல்லை.

இதற்கு முதல் மறுப்பு, எல்லாமே மோசடி என்பது. மாதிரிக் கல்லில் தங்கத்தைத் தூவிக் காட்டினார்கள், பரிசோதனை முடிவுகள் பொய் என்று சொல்வார்கள். மோசடிக்காரர்கள் இருந்திருப்பார்கள், பங்குச் சந்தை அவர்கள் இல்லாமல் என்று இருந்தது? ஆனால் வயநாட்டில் பொய் சொல்லவே தேவைப்படவில்லை என்பதுதான் இந்தக் கதையின் கனமான பகுதி. மழை அரித்த தலைப்பகுதியிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுபோய் எந்த நேர்மையான பரிசோதகரிடம் கொடுத்தாலும் நல்ல அளவுதான் வரும். அந்த அளவை நரம்பின் முழு நீளத்துக்கும் ஆழத்துக்கும் பொருத்தியபோது அது பொய்யானது. மோசடி என்று சொல்லி முடித்துவிட்டால் சில கெட்டவர்களின் மேல் பழியைப் போட்டு நகர்ந்துவிடலாம். நிலத்தின் விலையை வைத்துச் சுரங்கத்தைத் தொடங்கிய முறையே கோணல் என்பது அப்போது கண்ணில் படாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைப் பார் என்பார்கள். அதே ஆண்டுகளில், அதே லண்டன் பணத்தில், அதே வகை ஆசையில்தான் கோலாரும் தொடங்கியது. அங்கும் முதல் கம்பெனிகள் கையிருப்பு தீர்ந்து தள்ளாடின. மைசூர் கம்பெனி மட்டும், ஜான் டெய்லர் நிறுவனத்தின் வற்புறுத்தலில் கடைசிப் பணத்தையும் போட்டுப் பழைய குழிகளுக்குக் கீழே இறங்கி, 1880-களின் நடுவில் சாம்பியன் நரம்பைப் பிடித்தது. பிறகு அந்த வயல் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி, 2001-இல் மூடும்வரை 800 டன் அளவுக்குத் தங்கம் கொடுத்தது. தேவாலாவிலும் பொறுத்திருந்து ஆழம் போயிருந்தால் என்ன? இதற்குப் பாறைதான் பதில் சொல்ல வேண்டும். கோலார் நரம்பு ஒடுக்கமானது, ஆனால் கிலோமீட்டர் கணக்கில் அறுபடாமல் ஓடியது. தங்கம் பெரும்பாலும் தனியாக, இடித்துப் பாதரசத்தில் பிடித்தால் வந்துவிடுகிற விதத்தில் இருந்தது. அங்கே டன்னுக்கு ஒரு அவுன்ஸையும் தாண்டிய காலங்கள் உண்டு. தேவாலா நரம்பு தடித்தது, துண்டு துண்டானது. தங்கம் அதில் திட்டுத்திட்டாகவே தங்கியிருந்தது. ஆழத்தில் கந்தகக் கனிமங்களுக்குள் பூட்டிக்கிடந்தது. இரண்டு இடத்திலும் பழைய குழிகள் இருந்தன என்பதை வைத்து இரண்டும் ஒன்று என்று முடிவு கட்ட முடியாது. கோலாரின் வெற்றி தேவாலாவுக்குத் தீங்குதான் செய்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள், ‘நம்மூரும் இன்னொரு கோலார் ஆகியிருக்கும்’ என்ற ஏக்கத்தை அது விதைத்துவிட்டது.

மூன்றாவது மறுப்பு தொழில்நுட்பம். கந்தகக் கனிமத்துக்குள் அடைபட்ட தங்கத்தை 1880-இன் பாதரசத் தட்டு பிடிக்கவில்லை. ஸ்காட்லாந்தில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடு முறைக்குக் காப்புரிமை பெற்றது 1887-இல்தான். கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் வயநாடு பிழைத்திருக்கும் என்பார்கள். இதில் உண்மை உண்டு. ஆலையிலிருந்து வழிந்தோடிய கழிவு மண்ணோடு தங்கமும் போனது. ஆனால் சயனைடு வந்த பிறகு இந்த மலையை யாரும் மறந்துவிடவில்லை. புவியியல் ஆய்வுத் துறையின் ஹேடனும், தென்னாப்பிரிக்கத் தங்க வயல்களில் அனுபவப்பட்ட ஹாட்ச்சும் சேர்ந்து வயநாட்டு நரம்புகளை முறையாக மாதிரி எடுத்துப் பரிசோதித்தார்கள். அவர்களது ஆய்வு 1901-இல் வெளியானது. நரம்புகள் ஏழ்மையானவை, லாபகரமாக எடுக்கத் தகுதியில்லாதவை என்பதே அதன் தீர்ப்பு. சயனைடு இருபதாண்டு முன்பே வந்திருந்தால் கழிவில் போன தங்கத்தில் கொஞ்சம் மீண்டிருக்கும். தோட்டக்காரருக்குக் கொடுத்த பணம் மீண்டிருக்காது. லண்டனில் அப்போது வட்டி குறைந்து பணம் வழி தேடி அலைந்தது, அதுதான் காரணம் என்று சொல்கிறவர்களும் உண்டு. பணம் அலைந்திருக்கலாம், அதைத் தேவாலாவுக்குக் கூட்டிவந்த கை காப்பியில் நொடித்த கை.

தங்க வேட்டை ஓய்ந்த பிறகு மலை வேறு வழிகளில் பிழைத்தது. சேரம்பாடிப் பக்கம் மைக்கா தோண்டினார்கள். காப்பி நின்ற சரிவுகளில் தேயிலை ஏறியது. மலபாரிலிருந்து 1877-இல் நீலகிரி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்ட இந்தப் பகுதிக்கு, 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வேலை தர அரசு தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. காப்பி நோயால் இலங்கையில் பிறந்த தேயிலைத் தொழிலில் தலைமுறைகளைக் கழித்தவர்கள், அதே நோயால் காலியான மலைக்கே கொழுந்து பறிக்க வந்து சேர்ந்தார்கள். ஜன்ம நிலத்தை ஒழிக்க 1969-இல் கூடலூருக்கென்றே தனிச் சட்டம் வந்தும், யாருக்கு எந்த நிலம் என்ற வழக்குகள் ஓயவில்லை.

பழைய சுரங்கங்கள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. தேயிலைப் புதருக்குள்ளும் காட்டுக்குள்ளும் வாய் திறந்து கிடக்கிற குழிகளில் கால்நடைகள் விழுகின்றன. தேயிலை விலை சரியும் காலங்களில் வேலையில்லாதவர்கள் அந்த வழிகளுக்குள் இறங்கி, கல்லைக் கொத்தி வந்து, வீட்டிலேயே பொடித்துப் பாதரசத்தில் பிடித்து விற்கிறார்கள். மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் உயிரிழந்தவர்கள் உண்டு. அதிகாரிகள் வருவார்கள், வாயை அடைப்பார்கள், வழக்குப் போடுவார்கள். மழை வந்து மண் இளகினால் வாய் மறுபடி திறக்கும். பெரும்பாலும் கூலியில்லாத உழைப்புக்கே கட்டுப்படியாகிற கல் அது என்பதால்தான், இன்றும் வேறு கூலி கிடைக்காதவர்கள் மட்டுமே அதற்குள் இறங்குகிறார்கள்.

அவர்களைத் திருடர்கள் என்று எழுதுவதோடு அரசும் பத்திரிகைகளும் நிறுத்திவிடக் கூடாது. தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் உள்ள ஒவ்வொரு பழைய குழியையும் குடைவழியையும் அளந்து, வரைபடமாக்கி, கிராம அலுவலகத்திலேயே பார்க்கும்படி வைக்க வேண்டும். 1880-இலும் 1901-இலும் வெளியான ஆய்வுகளின் விவரங்கள் அரசின் கையிலேயே இருக்கின்றன. தொடங்க அதுவே போதும். ஆர்சனோபைரைட் கலந்த கல்லைப் பொடித்த இடங்களிலும் பாதரசம் காய்ச்சிய இடங்களிலும் ஓடை நீரையும் குடிநீரையும் பரிசோதித்து, முடிவை ஊர்மக்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். குழிக்குள் இறங்குகிற ஆளுக்கு வெளியே ஒரு நிலையான கூலி வேலை வேண்டும். இவற்றில் எதற்கும் 40 லட்சம் பவுன் தேவையில்லை.